தீயில் அழியாத கலாசாலை
சார்லட் ஹோக்கின்ஸ் பிரௌன் அம்மையார் வரலாறு

பிற செல்வங்களுக்கு வரும் அழிவு கல்விச் செல்வத்துக்கு வருவதில்லை என்பது நம் முன்னோர் துணிபு. அது மெய்யே. ஆயினும் அக்கல்வியை வழங்கிய கலாசாலைக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. அதன் கூரை எரியும், சுவர் இடியும், பொருள் வற்றும், ஆசிரியரும் மாணாக்கரும் திசைக்கொருவராய்ப் பிரிந்து போவர். இவை எல்லாவற்றிலும் கொடியது மறதி. தீ ஒரு கட்டிடத்தை ஓர் இரவில் அழிக்கிறது. மறதியோ அக்கட்டிடம் அங்கே இருந்தது என்னும் செய்தியையே சில ஆண்டுகளில் அழித்துவிடுகிறது.

நெருப்பையும் வறுமையையும் மறதியையும் எதிர்கொண்ட ஒரு கலாசாலையின் வரலாறே ஈண்டுக் கூறப்புகுவது. அது ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியிலே, கறுப்பு மக்களின் பிள்ளைகள் வெள்ளையர் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் இருந்து படித்தல் ஆகாது என்று சட்டம் விதித்திருந்த காலத்திலே எழுந்தது. அதனைத் தம் பத்தொன்பதாம் வயதில் தோற்றுவித்து, ஐம்பது ஆண்டு கட்டிக் காத்தவர் சார்லட் ஹோக்கின்ஸ் பிரௌன் என்னும் அம்மையார். அவர் வரலாற்றைக் கூறினால் கலாசாலையின் வரலாறு தானே வந்துவிடும். இரண்டையும் பிரித்தல் அரிது.

பிறப்பும் இளமையும்

1883 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11 ஆந் திகதி, வட கரோலினா மாநிலத்து ஹென்டர்சன் என்னும் ஊரிலே அம்மையார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லொட்டி ஹோக்கின்ஸ். அவருடைய பாட்டியார் அடிமையாகப் பிறந்தவர். அமெரிக்காவில் அடிமைமுறை 1865 ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் பதினெட்டு ஆண்டு கழித்துப் பிறந்த இக்குழந்தை சட்டப்படி சுதந்திரப் பிரசை. ஆனால் சட்டம் அறுத்த விலங்கை வழக்கம் மறுபடியும் பூட்டத் தொடங்கியிருந்த காலம் அது. 1896 ஆம் ஆண்டிலே, இரு இனத்தாருக்கும் வெவ்வேறு இடங்களைச் சமமாக அளித்தால் குற்றமில்லை என்று நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்புக் கூறிற்று. வேற்றுமை உறுதியாக நிலைத்தது. சமத்துவமோ ஏட்டளவில் நின்றது. 1900 ஆம் ஆண்டிலே வட கரோலினா மாநிலம் தன் அரசியல் யாப்பைத் திருத்தி, எழுத்தறிவுச் சோதனையை வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கிற்று. படிப்பிக்க நல்ல பள்ளிக்கூடம் கொடாமல், படிப்பில்லை என்று காரணங் காட்டி உரிமையைப் பறித்த கொடுமையை என்னென்பது!

லொட்டியின் குடும்பத்தார் நல்வாழ்வு தேடி வடக்கே சென்று, மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலே குடியேறினர். அப்போது சிறுமிக்கு வயது ஐந்து அளவினது. ஹாவாட் சர்வகலாசாலை விளங்கும் நகரம் அதுவே. தாயார் சலவைத் தொழில் நடத்திக் குடும்பத்தைக் காத்தார். வடபகுதியில் இனவேற்றுமை அறவே இல்லையென்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் கறுப்புச் சிறுமி ஒருத்தி வெள்ளைச் சிறுமியரோடு அமர்ந்து உயர்தரக் கல்வி பெறுதல் அங்கே இயலுவதாயிற்று. அந்த வாய்ப்பே பின்னர் அவர் செய்த பணி அனைத்துக்கும் வித்தாக அமைந்தது.

கைவண்டியும் இலத்தீன் நூலும்

உயர்தரப் பாடசாலையின் இறுதி ஆண்டிலே படிக்கும்போது, கையிற் சிறிது பணம் சேர்க்க விரும்பிக் குழந்தை பார்க்கும் வேலையொன்றை லொட்டி ஏற்றார். ஒரு நாள் குழந்தையைக் கைவண்டியில் வைத்து ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறு கையிலே வேர்ஜில் என்னும் உரோமப் பெரும்புலவரின் இலத்தீன் நூலை விரித்துப் படித்தபடி தெருவிலே சென்றார். அவ்வழியே வந்த வெள்ளைப் பெண்மணி ஒருவர் அக்காட்சியைக் கண்டு வியந்து நின்றார். அவர் பெயர் அலிஸ் ஃபிரீமன் பால்மர். வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியின் தலைவராக விளங்கிப் பெண்கல்வித் துறையிலே பெரும்புகழ் பெற்றவர் அவர்.

அச்சந்திப்பு சில நிமிட அளவினது. ஆனால் அப்பெண்மணி அதை மறக்கவில்லை. சிறுமி பாடசாலைப் படிப்பை முடித்தபின், ஆசிரியப் பயிற்சி பெற விரும்பியபோது, அதற்கு வேண்டிய செலவைத் தாமே பொறுத்துக்கொண்டார். சேலம் நகரத்து அரசினர் ஆசிரிய கலாசாலையிலே லொட்டி சேர்ந்தார். இதற்கிடையில் தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். சான்றிதழிலே எழுதப்படும் பெயர் கம்பீரமாக ஒலிக்க வேண்டுமென விரும்பி, லொட்டி என்னும் செல்லப்பெயரை விட்டுச் சார்லட் யூஜீனியா ஹோக்கின்ஸ் ஆனார். இது சிறு பிள்ளையின் ஆசைபோலத் தோன்றலாம். கறுப்பு மக்களை, அவர் எத்துணை முதியவராயினும், சிறு பிள்ளைகளை அழைப்பதுபோல முதற்பெயர் சொல்லி அழைத்தல் தென்பகுதி வெள்ளையரின் வழக்கமாயிருந்தது என்பதை நினைத்தால், இதன் உட்பொருள் விளங்கும். மரியாதை என்பது கேட்டுப் பெறும் பிச்சையன்று, தானே உடுத்திக்கொள்ளும் ஆடை என்று அவர் கருதினார். வாழ்நாள் முழுவதும் அக்கருத்தை விட்டாரல்லர்.

செடேலியாவுக்கு வருகை

1901 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிச் சங்கம் அவருக்கு ஓர் ஆசிரியப் பதவி தர முன்வந்தது. விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்காகத் தென்பகுதியிலே பல பாடசாலைகளை நடத்திய சங்கம் அது. வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விப்பணி புரிந்த அமெரிக்க மிஷனை நன்கறிந்த நம் வாசகர் இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடும். இரண்டும் அமெரிக்கக் கிறித்தவர் நிறுவியவையாயினும் வேறு வேறு சங்கங்களே.

பயிற்சி முற்றுப் பெறுமுன்னரே அழைப்பை ஏற்றுச் சார்லட் தெற்கே புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. கிறீன்ஸ்பரோ நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவிலுள்ள செடேலியா என்னும் சிற்றூரே அவர் சேர வேண்டிய இடம். அயலூரிலே புகைவண்டியை விட்டிறங்கிச் சில மைல் தூரம் காட்டுவழியே நடந்து அவ்வூரை அடைந்தார். பெத்தனி என்னும் சிறு தேவாலயமும் அதனைச் சார்ந்த பள்ளிக்கூடமும் பழுதுற்றுக் கிடந்தன. கேம்பிரிட்ஜ் நகரத்துப் பாடசாலையைக் கண்ட கண்ணுக்கு அக்காட்சி எத்துணை ஏமாற்றம் தந்திருக்கும்! எனினும் அவர் திரும்பிச் செல்லவில்லை. திங்கள் தோறும் கிடைத்த முப்பது டொலர் சம்பளத்திலே பெரும்பகுதியைப் பிள்ளைகளின் உடைக்கும் பாடசாலைப் பொருள்களுக்கும் செலவிட்டு ஓராண்டைக் கழித்தார்.

அந்த ஆண்டின் முடிவிலே, பொருட்குறை காரணமாகச் சங்கம் அப்பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. இளம் ஆசிரியைக்கு வேறிடத்திலே பதவி கிடைத்திருக்கும். ஆனால் ஊரார் வந்து, எம்மை விட்டுப் போகவேண்டா என்று வேண்டினர். அவர் கையிலே பணமில்லை. பின்னால் ஒரு சங்கமில்லை. முழுப் பட்டமும் இல்லை. இருந்தும் தங்குவதென்று முடிவு செய்தார். 1902 ஆம் ஆண்டின் கோடைகாலத்திலே வடக்கே சென்று, செல்வர் ஓய்வு கொள்ளும் கடற்கரை ஊர்களிலே பாடியும் செய்யுள் ஒப்புவித்தும் சிறிது பொருள் திரட்டினார். ஊரார் சுமார் 15 ஏக்கர் நிலமும் ஒரு பழைய கொல்லன் பட்டறையும் கொடுத்தனர். உலையும் சம்மட்டியும் இருந்த இடத்திலே பலகையும் புத்தகமும் புகுந்தன. 1902 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆந் திகதி பள்ளிக்கூடம் தொடங்கிற்று. தமக்கு உதவிய பெண்மணியின் பெயரையே அதற்கு இட்டார். அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் அலிஸ் பால்மர் அம்மையார் பாரிஸ் நகரிலே காலமானார். அதனால் அப்பெயர் நினைவுப் பெயராயிற்று. பால்மர் ஞாபகார்த்தக் கலாசாலை என்று பின்னர் வழங்கலாயிற்று.

இருவகைப் பேச்சு

அக்காலத்திலே கறுப்பு மக்களுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பது பற்றிப் பெரும் விவாதம் நடந்தது. புக்கர் வாஷிங்டன் என்பார் கைத்தொழிற் கல்வியை வற்புறுத்தினார். டு போய்ஸ் என்னும் பேரறிஞர், உயர்ந்த இலக்கியக் கல்வியும் தலைமைக்குரிய பயிற்சியும் இன்றி ஓர் இனம் தலைநிமிர முடியாது என்றார். இவ்விரண்டுக்கும் நடுவே சார்லட் அம்மையார் தம் வழியைக் கண்டார்.

தென்பகுதி வெள்ளையர்க்கும் பொருள் கொடுப்போர் பலர்க்கும் வேளாண்மையும் மனையியலும் கைத்தொழிலுமே உவப்பானவை; கறுப்புப் பிள்ளைகள் இலத்தீன் படித்தலை அவர் விரும்பார். ஆகவே கலாசாலை தொடக்க காலத்திலே தன்னைக் கைத்தொழிற் பள்ளியாகவே பெரிதும் எடுத்துக் காட்டிற்று. பண்ணையும் இருந்தது, தையலும் சமையலும் இருந்தன, மாணாக்கர் நாள்தோறும் உடலுழைப்புச் செய்தனர். ஆனால் அதே கூரையின்கீழ் இலக்கியமும் கணிதமும் பிறமொழியும் கற்பிக்கப்பட்டன. கைவண்டியைத் தள்ளிக்கொண்டே வேர்ஜிலைப் படித்த சிறுமி, பின்னாளிலே ஒரு கலாசாலை முழுவதையும் அவ்வாறே நடத்தினார் என்று கூறலாம். உலகம் கண்டது கைவண்டி. பிள்ளைகள் பெற்றது நூல்.

இதனைக் கபடம் என்று சிலர் குறை கூறுவர். ஓராசிரியனாக நின்று நோக்குமிடத்து எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கதவு முழுதும் திறவாதபோது, திறந்த அளவிலே பிள்ளையை உள்ளே நுழைவித்தல் ஆசிரியர் கடமை. ஆனால் அதற்கு விலையும் உண்டு. மனத்திலுள்ளதை அடக்கி, அகந்தை கொண்டவர் முன்னே புன்முறுவலோடு நின்று நன்கொடை கேட்டல் எத்துணை வருத்தம் என்பதை அனுபவித்தவரே அறிவர். அவ்வருத்தத்தை அம்மையார் பல்லாண்டு சுமந்தார். இரவெல்லாம் கடிதம் எழுதி, ஒரு டொலர் வந்தாலும் நன்றி கூறி, கலாசாலையை வளர்த்தார். பொஸ்டன் நகரத்து நிதித்துறைச் செல்வர் கேலன் ஸ்டோன் என்பார் பேருதவி புரிந்தார்.

1911 ஆம் ஆண்டிலே எட்வர்ட் பிரௌன் என்னும் ஆசிரியரை அவர் மணந்தார். அவ்வில்வாழ்க்கை சில ஆண்டுகளில் முடிவுற்றது. தமக்கெனப் பிள்ளை பெறாத அவர் உறவினரின் பிள்ளைகள் பலரைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார்.

தீயும் கட்டிடமும்

1917 ஆம் ஆண்டிலே தீயினால் கலாசாலையின் மரக்கட்டிடங்கள் அழிந்தன. பதினைந்து ஆண்டு உழைத்துச் சேர்த்தவற்றுள் ஒரு பகுதி சாம்பலாயிற்று. அம்மையார் மறுபடியும் பயணப்பையை எடுத்துக்கொண்டு வடக்கே சென்றார். 1922 ஆம் ஆண்டிலே அலிஸ் ஃபிரீமன் பால்மர் கட்டிடம் என்னும் பெரிய செங்கற் கட்டிடம் எழுந்தது. வகுப்பறைகளும் நூல்நிலையமும் அமைந்த அதுவே கலாசாலையின் முகமாக விளங்கிற்று. தென்மாநிலங்களின் கல்வி நிலையங்களை ஆராய்ந்து தகுதி வழங்கும் சங்கத்தின் அங்கீகாரமும் கிடைத்தது. கறுப்பு மக்களின் பாடசாலைகளுள் மிகச் சிலவே அப்பேறு பெற்றிருந்த காலம் அது.

அரசாங்கம் கறுப்புப் பிள்ளைகளுக்குக் கிராமப்புறத்திலே உயர்தரப் பாடசாலை அமைக்காதிருந்த ஆண்டுகளிலே, பால்மர் கலாசாலையே சுற்றுப்புறத்தாருக்கு அக்குறையைத் தீர்த்தது. அம்மையாரும் அவரோடு சேர்ந்தோரும் ஓயாது கேட்டதன் பயனாக, 1937 ஆம் ஆண்டிலே அந்த மாவட்டத்தில் அரசினர் பாடசாலை ஏற்பட்டது. அதன்பின் பால்மர், பல மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் புகழ்பெற்ற விடுதிக் கலாசாலையாக மாறிற்று. அதன் பாடகர் குழு பொஸ்டன், நியூயோர்க் நகரங்களின் பேரரங்குகளிலே பாடிப் பாராட்டுப் பெற்றது.

நடையுடை பாவனைகளில் அம்மையார் மிகுந்த கண்டிப்புடையவர். எவ்வாறு பேசுவது, எவ்வாறு உடுப்பது, எவ்வாறு விருந்திற் பழகுவது என்பன பற்றி 1941 ஆம் ஆண்டிலே ஒரு நூலும் வெளியிட்டார். வெள்ளையர் வழக்கத்தைப் பின்பற்றச் செய்கிறார் என்று பிற்காலத்து இளைஞர் சிலர் இதனை இகழ்ந்தனர். அவ்விகழ்ச்சியில் உண்மையே இல்லை என்று கூறமாட்டேன். உரிமை என்பது ஒழுங்காக உடுத்தவனுக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் தெருவிலே இறங்கினால் இழிசொல் கேட்கும் பிள்ளைக்கு, நீ எவர்க்கும் தாழ்ந்தவனல்லை என்று உடையாலும் நடையாலும் நினைவூட்டிய தாயுள்ளத்தையும் நாம் காணல் வேண்டும்.

புகைவண்டியில் நேர்ந்த அவமானம்

நயமாகப் பேசத் தெரிந்தவர் அச்சமின்றிப் பேசவும் தெரிந்தவர் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. 1920 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே மெம்பிஸ் நகரிலே தென்பகுதி வெள்ளைப் பெண்மணிகளின் மாநாடொன்று கூடிற்று. இரு இனத்தாரிடையே நல்லிணக்கம் காணும் நோக்குடைய அம்மாநாட்டிலே பேசுமாறு கறுப்புப் பெண்மணிகள் சிலரும் அழைக்கப்பட்டனர். அவருள் ஒருவர் சார்லட் பிரௌன் அம்மையார். அவர் புகைவண்டியிலே படுக்கை வசதியுள்ள பெட்டியில் இடம்பெற்றுப் பயணஞ் செய்தார். வழியில் வெள்ளை ஆடவர் பலர் ஒன்றுகூடி வந்து, அப்பெட்டியை விட்டு வெளியேறிக் கறுப்பர் பெட்டிக்குச் செல்லும்படி அவரைப் பலவந்தப்படுத்தினர். அதே மாநாட்டுக்குச் செல்லும் வெள்ளைப் பெண்மணிகளும் அவ்வண்டியில் இருந்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மேடையேறிய அம்மையார் அச்செய்தியை அப்பெண்மணிகளின் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். ஆடவர் செய்த கொடுமையை மட்டும் கூறி அமையவில்லை. கண்டுங் காணாதிருந்தோர் மௌனத்தையும் சுட்டினார். கறுப்பு ஆடவரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் பாதகத்தைத் தடுக்கும் வல்லமை வெள்ளைப் பெண்மணிகளிடமே உள்ளது என்றும், அவர் அதனைச் செய்யாதிருத்தல் குற்றமென்றும் வாதித்தார். அந்நாளில் தென்பகுதியில் அவ்வாறு பேசுதல் உயிருக்கும் கலாசாலைக்கும் ஊறு விளைக்கக்கூடிய செயல். அடுத்த நன்கொடைக்கு அஞ்சி அன்று அவர் நாவை அடக்கவில்லை.

வட கரோலினாவின் கறுப்பு மகளிர் கழகங்களின் கூட்டவைக்கும் அவர் நெடுங்காலம் தலைமை தாங்கினார். புளோரிடாவிலே கலாசாலை நிறுவிய மேரி மக்லியோட் பெத்தியூன், வாஷிங்டனிலே நிறுவிய நானி பரோஸ் ஆகிய இருவரும் அவர்தம் தோழியர். மூவரும் பெண்கள், மூவரும் வெறுங்கையோடு தொடங்கியவர்கள்.

மறைவும் மூடலும்

1952 ஆம் ஆண்டிலே, கலாசாலையின் பொன்விழா ஆண்டில், அம்மையார் தலைமைப் பதவியினின்றும் விலகினார். பொஸ்டன் நகரத்து ஆசிரியையான வில்ஹெல்மினா குரொசன் பின்னர்ப் பொறுப்பேற்றார். 1961 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆந் திகதி கிறீன்ஸ்பரோவிலே அம்மையார் காலமானார். கலாசாலை வளவிலேயே, தாம் வாழ்ந்த இல்லத்தின் அயலிலே, அடக்கம் செய்யப்பட்டார்.

1954 ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றி, இனம் பற்றிப் பாடசாலைகளைப் பிரித்தல் அரசியல் யாப்புக்கு முரணானது என்று தீர்த்திருந்தது. 1964 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதற்கு வலுவூட்டிற்று. அம்மையார் வாழ்நாளெல்லாம் வேண்டிய நியாயம் இதுவே. ஆனால் நியாயம் வந்த வழியிலே ஓர் இழப்பும் உடன்வந்தது. இணைப்பு என்னும் பெயரால் தென்பகுதியெங்கும் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பு மக்களின் பாடசாலைகளே. பல்லாயிரம் கறுப்பு ஆசிரியரும் அதிபரும் வேலையிழந்தனர். பெயர்கள் மாற்றப்பட்டன, கட்டிடங்கள் இடிக்கப்பட்டன, மாணாக்கர் வென்ற கேடயங்களும் வகுப்புப் படங்களும் பதிவேடுகளும் பல ஊர்களிலே குப்பையோடு குப்பையாயின.

பால்மர் கலாசாலைக்கும் இக்காலம் இடுக்கணாயிற்று. பிற கலாசாலைகளின் கதவுகள் திறந்தமையால் மாணாக்கர் தொகை குன்றிற்று, கடன் பெருகிற்று. 1971 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே மீண்டும் தீ. அலிஸ் ஃபிரீமன் பால்மர் கட்டிடம் எரிந்தொழிந்தது. 1917 ஆம் ஆண்டிலே பயணப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அம்மையார் இப்பொழுது மண்ணுக்குள்ளே துயின்றார். அவ்வாண்டிலேயே கலாசாலை மூடப்பட்டது. கிறீன்ஸ்பரோவிலுள்ள பெனெற் கல்லூரி அவ்வளவை வாங்கிற்று. பின்னர் வேறு கைகளுக்கும் மாறிற்று. ஆளில்லாக் கட்டிடங்களைச் செடிகொடிகள் சூழ்ந்தன.

மறதியை வென்றோர்

இங்கே கதை முடிந்திருந்தால் வியப்பில்லை. எத்தனையோ பாடசாலைகளின் கதை இவ்வாறே முடிந்தது. ஆனால் 1980 களின் தொடக்கத்திலே பழைய மாணவியர் இருவர் ஒரு முயற்சியைத் தொடங்கினர். ஒருவர், புகழ்பெற்ற பாடகர் நற் கிங் கோலின் மனைவியாராகிய மரியா கோல். அம்மையார் தம் இல்லத்தில் வைத்து வளர்த்த உறவுப் பிள்ளைகளுள் அவர் ஒருவர். மற்றவர் அவருடைய தோழியார். இருவரும் மாநில அரசின் வரலாற்றுத் துறையினரை அணுகினர். பழைய மாணவர் ஒன்றுகூடி ஒரு வரலாற்று நிறுவகம் அமைத்தனர். பொருள் திரட்டினர், புகைப்படங்களையும் கடிதங்களையும் தேடினர், சட்டசபையிலே தமக்காகப் பேசுவோரை நாடினர்.

1987 ஆம் ஆண்டிலே அந்த வளவு வட கரோலினா மாநிலத்தின் வரலாற்றுச் சின்னமாகத் திறக்கப்பட்டது. அம்மாநிலத்தின் வரலாற்றுச் சின்னங்களுள் கறுப்பு மக்களின் பெருமைக்கென அமைந்தது அதுவே முதலாவது. ஒரு பெண்மணியின் நினைவுக்கென அமைந்ததும் அதுவே முதலாவது. ஒரு காலத்தில் கறுப்பு மக்களின் வாக்கைப் பறித்த அதே மாநிலம், அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி தந்த கொல்லன் பட்டறையின் வரலாற்றைக் காக்கும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றது. அம்மையார் வாழ்ந்த இல்லம் அங்கே பேணப்படுகிறது. மஞ்சள் வண்ணம் பூசப்பட்ட அவ்வில்லத்துக்குக் கனேரிக் குடில் என்று பெயர். 1922 ஆம் ஆண்டின் பெருங்கட்டிடம் இல்லை. அது நின்ற இடம் வெற்றிடமாகவே கிடக்கிறது.

இன்னொரு செய்தி என் நெஞ்சைத் தொட்டது. அம்மையாரின் கடிதங்களும் தாள்களும் ஹாவாட் சர்வகலாசாலையைச் சார்ந்த ஷ்லெசிங்கர் நூல்நிலையத்திலே பாதுகாக்கப்படுகின்றன. அந்நூல்நிலையம் இருப்பது கேம்பிரிட்ஜ் நகரில். குழந்தையின் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு கறுப்புச் சிறுமி ஒருத்தி நடந்த அதே நகரிலே, அவள் எழுதியவற்றை இன்று அறிஞர் அமர்ந்து ஆராய்கின்றனர்.

நாம் அறியவேண்டியது

அநீதியான சட்டத்தின் விளைவாக எழுந்த கலாசாலையின் வரலாற்றைக் காப்போர் இரண்டு பிழைகளுக்கு அஞ்சுதல் வேண்டும். அக்காலம் வெட்கத்துக்குரியது, அதனை நினையாதிருத்தலே நன்று என்பது ஒரு பிழை. அவ்வாறு நினைப்போர், அநீதி செய்தவர் குற்றத்தோடு அதனை எதிர்த்து உழைத்தவர் பெருமையையும் சேர்த்துப் புதைத்துவிடுகின்றனர். இத்தகைய நல்ல கலாசாலைகள் இருந்தனவே, ஆதலால் பிரிவினையும் அத்துணைத் தீதன்று என்பது மற்றைப் பிழை. சேற்றிலே தாமரை பூத்தது உண்மை. அதற்காகச் சேற்றைப் புகழ்வார் உளரோ? அம்மையார் பாடசாலை நிறுவியது பிரிவினையை வாழ்த்துதற்கன்று. அதனைக் கடந்து செல்லும் பிள்ளைகளை ஆக்குதற்கே.

ஆதலால் முழு வரலாற்றையும் காத்தல் வேண்டும். பட்டறையையும் காக்கவேண்டும், நன்கொடைக் கடிதத்திலே அடங்கிய சொல்லையும் காக்கவேண்டும், மெம்பிஸ் மேடையிலே அடங்காத சொல்லையும் காக்கவேண்டும். அவர்மேற் கூறப்பட்ட குறைகளையும் மறைக்கவேண்டா. குறையற்ற தெய்வமாக ஒருவரை ஆக்கிவிட்டால், அவர் வழியிலே நடக்க எவர்க்கும் துணிவு வராது.

முப்பது ஆண்டு வகுப்பறையிலே நின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பாடசாலையொன்றின் வரலாறு அதன் கட்டிடத்திலே குடியிருப்பதன்று. அது இடாப்பிலே இருக்கிறது. மங்கிய வகுப்புப் படத்திலே இருக்கிறது. பழைய மாணாக்கரின் நினைவிலே இருக்கிறது. இம்மூன்றுள் முதலிரண்டும் செல்லரிக்கும். மூன்றாவது மூத்தோருடன் மறையும். பால்மர் கலாசாலையின் மாணவியர் இருவர், நம் காலத்திலேயே செய்வோம் என்று எழுந்தமையாலேயே அவ்வரலாறு பிழைத்தது. இன்னும் பத்தாண்டு பொறுத்திருந்தால் கேட்பதற்கு ஆளிருந்தும் சொல்வதற்கு ஆளிராது.

1902 ஆம் ஆண்டிலே பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியை, போகவேண்டா என்று ஏழை ஊரார் தடுத்தனர். எண்பது ஆண்டுகளின் பின், அவள் நினைவு போய்விடாதபடி அவள் மாணவியர் தடுத்தனர். நடுவே நிகழ்ந்த தீ இரண்டும் கட்டிடங்களை எரித்தன. கலாசாலையை எரிக்க முடியவில்லை.